கால் முன்னால் வந்தவள்

காலை பத்து மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கொல்லிமலையில், எடப்புளி நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுதியில், எங்கள் ஊரில் அப்போது எந்த வீட்டிலும் கடிகாரம் கிடையாது. வெள்ளைக்காரன் காலம். வெயிலில் நிமிர்ந்து நிற்பேன். என் நிழலின் தலை முடியும் இடத்தில் அப்பா ஒரு கல்லை வைப்பார். நான் நின்ற இடத்திலிருந்து அந்தக் கல் வரைக்கும் குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட அடி வைத்து எண்ணுவேன். அன்றைக்கு ஏழடி. தை மாதத்தில் ஏழடி நிழல் என்றால் என்ன மணி என்பதை, வெகுகாலம் கழித்து, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து மைதானத்தில் கைக்கடிகாரத்தோடு நின்று அளந்து பார்த்தேன். ஒரு வருஷம் அல்ல, பல வருஷம்.

"ஏழடிங்கப்பா" என்றேன்.

"உங்கம்மா களத்துல கேப்பை அடிச்சுட்டு வாரதுக்குள்ள நாலடி ஆயிரும். நேரங் கெடக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு அப்பா மூங்கில் ஏணியில் கால் வைத்தார்.

பலாமரத்தில் படர்ந்த மிளகுக் கொடி. ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கவட்டை விட்டு வெட்டிய ஏணி அது. அப்பா அந்த வருஷம் ஏணியைத் தொடக்கூடாது. மழைக்காலத்தில் வந்த குளிர்காய்ச்சல் போனாலும் தலைச்சுற்றல் போகவில்லை. மரம் ஏற மாட்டேன் என்று என் தலையில் கை வைத்து அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தார். மிளகு பறிக்கும் வேலை முழுக்கச் சித்தப்பாவுடையது என்று பேச்சு. படுத்துக் கிடந்து அலுத்துப்போன மனிதர், தம்பி பறிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாமல், அவர் வராத அன்றைக்கு ஏறினார்.

பலாப்பழம் தானாகக் கழன்று விழுந்தால் ஒரு சத்தம் வரும். தை மாதத்தில் ஏது பலாப்பழம் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். அப்பா வேரின் மேல் மல்லாந்து கிடந்தார். வாயில் ஒரு மிளகுச் சரம் ஒட்டியிருந்தது. அதைத் துப்பிவிட்டுச் சிரித்தார். என் தோளைப் பிடித்து எழுந்தார். நடந்தார். இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: அன்றைக்கு அவர் தன் காலால் நடந்துதான் வீட்டுக்கு வந்தார்.

வழியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "விழுந்தேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லாத சாமி. சத்தியத்தை மீறுனதுக்கு அழுவா. பிடிப்புன்னு சொல்லிக்கறேன். நம்ம ஊட்டுலயே வைத்தியரு இருக்கையில எனக்கென்ன பயம்?"

வைத்தியர் என்று அவர் சொன்னது என் காலை.

நம் வயதுக்காரர்களுக்கு இடுப்பு வலியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தைலம் பூசாத வீடு நம்மில் யாருக்கும் இருக்காது. ஆனால் யாராவது இடுப்பு வலி என்று சொன்னால் என்ன தைலம் என்று நான் கேட்பதில்லை. "விழுந்தீர்களா?" என்றுதான் கேட்பேன். அடுத்தது, "கால் மரத்துப் போகிறதா?" என்னோடு வேலை பார்த்த டீச்சர்கள் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். நாற்காலியிலிருந்து எழும்போது ஒருத்தி இடுப்பைப் பிடித்தால் போதும், இன்னொருத்தி என் குரலில், "விழுந்தீங்களா?" என்பாள். நானும் சிரித்து வைப்பேன்.

போன மாதம் என் மகன் தண்ணீர் டிரம்மைத் தூக்கிவிட்டு அப்படியே சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டான். இருபத்திரண்டு வயது.

"அம்மா, இடுப்பு பிடிச்சுக்கிச்சு. சும்மா ஏறி ரெண்டு மிதி மிதிச்சு விடேன்."

அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

"விழுந்தியா?"

"இல்லம்மா, டிரம்மைத் தூக்குனேன்."

"பொய் சொல்லாத. விழுந்தியா?"

"ஏம்மா கத்துற? விழலை."

"விரலை ஆட்டு."

"ஆட்டறேன், பாரு. பத்தும் ஆடுது. போதுமா?"

பத்தையும் இரண்டு முறை எண்ணினேன். டாக்டர் பார்த்துவிட்டுத் தசைப்பிடிப்புதான் என்றார். இரண்டு நாள் பாரம் தூக்காமல் இருக்கட்டும், முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கட்டும், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், அப்புறம் படுத்தே கிடக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கட்டும். அவ்வளவுதான். ஒரு வாரத்தில் அவன் சைக்கிளில் வேலைக்குப் போய்விட்டான். நான்தான் இன்னும் சரியாகவில்லை. தரையில் யாராவது குப்புறப் படுத்திருந்தால் என் உள்ளங்கால் குளிர்ந்துவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முன்னால் வந்த பிள்ளை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கீழே ஊர்களிலும் சொல்வார்கள். எங்கள் மலையில் அந்தக் காலுக்கு நிறைய வேலை இருந்தது. ரோடு கிடையாது. விளைந்ததெல்லாம் தலைச்சுமையாகத்தான் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கும், உப்பும் துணியும் தலைச்சுமையாகத்தான் ஏறும். சந்தைக்கு மறுநாள் எங்கள் வாசலில் எப்போதும் ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்.

நான் அப்படிப் பிறந்தவள் என்பதை அப்பா சொல்லிக் கேட்க வேண்டும். எல்லோரிடமும் சொல்வார், கேட்டவர்களிடமே மறுபடியும் சொல்வார். பிரசவத்துக்கு அம்மா திண்ணனூர் நாட்டில் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். மாமன் சுமையோடு சந்தைக்கு இறங்கியிருந்த நேரத்தில் வலி வந்துவிட்டது. மருத்துவச்சி மட்டும்தான் கூட இருந்தாள். சேதி கிடைத்து அப்பா மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். "நான் போயி வாசல்ல நிக்கறேன். இவ என்னைப் பாக்கறா, அழுவறா. 'காலு முன்னால வந்துச்சுங்க'ங்கறா. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. புள்ளையைக் கூடத் தூக்கிப் பாக்காம வெளிய ஓடி, ஊரைக் கூட்டிச் சொல்லிப்போட்டுத்தான் உள்ள வந்தேன். இவ அப்பவும் அழுதுக்கிட்டேதான் இருக்கறா, சந்தோசத்துல!"

இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். வெட்கம் என்று நினைத்தேன்.

பிடிப்பு வந்தவர் வாசற்படிக்கு உட்புறம் குப்புறப் படுப்பார். அம்மா என் காலை மஞ்சள் தண்ணீரில் கழுவி விடுவாள். கழுவும்போது என் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். நான் அந்த முதுகின் மேல் மூன்று முறை ஏறி இறங்க வேண்டும். முதுகுகள்தான் எத்தனை விதம்! மிளகு வாசம், புகை வாசம், தேன் எடுப்பவர்களின் முதுகில் லேசான பிசுபிசுப்பு. காலுக்கடியில் கட்டிப்போட்ட மூட்டை மாதிரி இறுக்கமாக இருக்கும், மெல்ல மெல்ல இளகும். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு முறை அடிவாரத்திலிருந்து ஒரு பண்ணையக்காரர் பெண்சாதியோடு ஏறி வந்தார். பெரிய உடம்பு. நான் ஏறியதும், "ஏனுங்க, புள்ள ஏறிருச்சுங்களா? குருவி குந்துனாப்புலகூடத் தெரியலீங்களே" என்றார். அவர் பெண்சாதி, "சாமி, முதுகு கெடக்கட்டும். அப்படியே முன்னால போயி அந்த வாயை நல்லா ஒரு மிதி மிதிச்சு விடு. இருவது வருசமா அதான் எனக்கு நோவு" என்றாள். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் கையை வீசிக்கொண்டு இறங்கிப் போனார். பிடிப்பு என்பது பெரும்பாலும் நாலு நாளில் தானாகவே விட்டுப்போவது. மலை ஏறி வந்து, ஒரு பொழுது ஓய்ந்து படுத்து, எட்டு வயதுப் பிள்ளை மெதுவாக நீவிவிட்டால் விடாமல் என்ன செய்யும்? இது இப்போது தெரிகிறது.

என் காலில் முள் ஏறிவிடக் கூடாது என்று அப்பா பலாக்கட்டையில் எனக்கு மிதியடி செதுக்கிக் கொடுப்பார். ஊரில் எந்தப் பிள்ளைக்கும் செருப்பு கிடையாது. நான் மட்டும் டொக்கு டொக்கென்று நடப்பேன். கால் வளர வளரப் புது ஜோடி வரும். பழையதை அம்மா துணியில் சுற்றி, திண்ணனூர் நாட்டுக்குப் போகும்போது எடுத்துப் போவாள். அங்கே எந்தப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. அந்த மஞ்சள் நிற மிதியடிகளில் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை.

அப்பா விழுந்த அன்றைக்கும் மறுநாளும் அம்மா தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் போட்டாள். நொச்சித்தழை போட்டு வெந்நீர் வைத்தாள். கம்பளியைச் சுருட்டி அப்பாவின் முழங்காலுக்கு அடியில் கொடுத்தாள். அவள் செய்தது அத்தனையும் சரி. அந்த இரண்டு நாளும் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டாவது எழுந்து, சுவரைப் பிடித்து வெளியே போய் வந்தார்.

மூன்றாம் நாள் காலையில் சித்தப்பா வந்தார்.

"என்னண்ணா, புள்ளை பெத்தவளாட்டம் படுத்துக்கிட்டீங்க? ஊரான் முதுகுக்கெல்லாம் கால் வைத்தியம், உங்களுக்கு மட்டும் தவிட்டு ஒத்தடமா?"

"நானும் அதைத்தான் கேக்கறேன். உங்கண்ணி விட மாட்டேங்கறா."

"ரெண்டு நாளாப் புள்ளைக்கு ஒடம்பு சரியில்லீங்க. பொறவு பாத்துக்கலாம்" என்றாள் அம்மா.

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அம்மா ஏன் பொய் சொல்கிறாள் என்று பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஊரில் எத்தனையோ முதுகுகளுக்கு என் காலைக் கழுவி விட்டவள், இந்த ஒரு முதுகுக்குத் தயங்கினாள். நான் என் பங்குக்குத் தயங்கினேன். பிடிப்பு வேறு, விழுவது வேறு என்று எட்டு வயதில் எனக்குத் தெளிவாகத் தெரியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. அப்பாவின் காதருகே குனிந்து, "அப்பா, நீங்க விழுந்தீங்கல்ல..." என்றேன். அவர் கண்ணைச் சிமிட்டினார். "உஷ். நீ ஏறு கண்ணு."

அம்மா காலைக் கழுவி விட்டாள். கழுவினதையே மறுபடியும் கழுவினாள். ஏறினேன்.

முதல் முறை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது முறை, இடுப்புக்குச் சற்று மேலே, என் குதிகாலுக்குக் கீழே ஓர் இடத்தில் எதுவுமே இல்லாத மாதிரி இருந்தது. இருட்டில் படி இருக்கிறது என்று கால் வைத்து, படி இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி. பச்சை மிளகுச் சரத்தை ஒடித்தால் வரும் அளவுக்கு ஒரு சத்தம். நான் குதித்து இறங்கிவிட்டேன்.

அப்பா தரையில் கன்னத்தை வைத்தபடியே, "விட்டுருச்சு" என்றார். "இடுப்புக்குக் கீழ வலியே தெரியலை. சுத்தமா விட்டுருச்சு!"

சித்தப்பா கை தட்டினார். வாசலில் நின்றவர்கள் என்னைத் தூக்கிக்கொண்டார்கள். யாரோ என் வாயில் வெல்லத்தைத் திணித்தார்கள். அம்மாகூட, மூன்று நாளில் முதல் தடவையாக, மூச்சை விட்டுச் சிரித்தாள்.

"அப்படீன்னா எந்திரிங்கண்ணா" என்றார் சித்தப்பா.

"இரு, எந்திரிக்கறேன்" என்றார் அப்பா. கைகளை ஊன்றினார். தோள் எழுந்தது. "காலு மேல யாரு உக்காந்திருக்கறது? எறங்குங்கப்பா."

அவர் கால் மேல் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு ஆறு நாள். அந்த ஆறு நாளைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. அன்றைக்கே அப்பாவைப் பலகையில் கட்டி, அசையாமல் மலை இறக்கியிருக்க வேண்டும். ஆறு நாள் கழித்து இறக்கினார்கள், அதுவும் கம்பளியில் தூளி கட்டி, கிடுகிடு பள்ளத்தில் ஆட ஆட. கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "விழுந்தாரா?" முதுகெலும்பு முறிந்திருக்கிறது, முறிந்ததை மேலும் நகர்த்தியிருக்கிறார்கள் என்றார். அப்பா அதன்பின் ஒன்பது வருஷம் இருந்தார், இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாமலே.

ஆறு நாள் நாங்கள் எதற்காகக் காத்திருந்தோம் தெரியுமா? ஒரு கேள்விக்குப் பதில் தெரிவதற்காக.

"கால் மாறிப் போச்சு" என்றார் சித்தப்பா. "முன்னால வந்தது எந்தக் காலோ, அந்தக் காலை முதல்ல வெச்சு ஏறியிருக்கோணும். மத்தவங்களுக்குப் பரவால்ல. பெத்த அப்பனாச்சே, சரியான காலா இருக்கோணும். அண்ணி, எந்தக் காலுங்க முன்னால வந்துச்சு? வலதா, இடதா?"

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"அவளுக்கெப்படித் தெரியும், வலியில கெடந்தவளுக்கு?" என்றார் அப்பா. "மருத்துவச்சிக்குத்தான் தெரியும். அவளைக் கூட்டிட்டு வா. சரியான காலைக் கேட்டு மறுபடி மிதிச்சா எந்திரிச்சுருவேன்."

சித்தப்பா திண்ணனூர் நாட்டுக்கு ஓடினார். மருத்துவச்சி அங்கே இல்லை. தள்ளி ஒரு ஊரில் பிரசவத்துக்குப் போயிருந்தாள். பிள்ளை பிறக்காமல் வர மாட்டாள். சித்தப்பா அங்கேயே காத்துக் கிடந்தார். நாங்கள் இங்கே.

பகல் முழுக்க நான் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பேன். அவர் பெருவிரலைப் பிடித்துத் திருகுவேன். கிள்ளுவேன். மிளகுக் காம்பால் உள்ளங்காலில் கீறுவேன். கூரையைப் பார்த்துக்கொண்டு அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். "இடது காலாத்தான் இருக்கும் கண்ணு. நீ எப்பவும் வலதை வெச்சு ஏறுவே, அதான். உன் மேல தப்பில்ல. கால் மாறிப் போச்சு, அவ்வளவுதான்." என் இரண்டு பாதங்களையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. எந்தக் கால் அப்பாவை முறித்தது, எந்தக் கால் அவரை எழுப்பும் என்று அவற்றிடமே கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று முதல் மிதியடி போடவில்லை.

அந்த ஆறு நாளில் ஐந்தாம் நாள் ஊற்றில் தண்ணீர் மொள்ளும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அப்பாவுக்குப் பிடிப்பு இல்லம்மா. ஏணியில இருந்து விழுந்தாரு. சொல்லாதன்னாரு."

அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். குடத்தைக் கீழே வைக்கும் சத்தம்தான் கேட்டது.

"எத்தனை ஒசரம்?"

"பாதி ஏணிக்கு மேலம்மா."

அம்மா ஈரக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஊற்றுத் தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டே இருந்தது. "நீ ஒண்ணைச் சொல்லாம வெச்சிருந்தே" என்றாள். "நானும் ஒண்ணைச் சொல்லாம..." என் பாதம் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கழுவும்போது என் முகத்தைப் பார்க்காதவள், அன்றைக்கு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்னிடம் வேறு யாரையோ தேடுவது போல.

மறுநாள் உச்சி வெயிலில் சித்தப்பா முன்னால் வர, மருத்துவச்சி கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஒல்லியான மனுஷி, நரைத்த தலை, ஒரு கண் பூத்திருந்தது. உள்ளே வந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் காலைத் தொட்டாள், விரல்களை மடக்கிப் பார்த்தாள், கையை எடுத்துவிட்டாள்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "வாங்க, வாங்க. உங்க வாய்ச் சொல்லுக்குத்தான் காத்துக் கெடக்கறேன். சொல்லுங்க, எந்தக் காலு?"

சித்தப்பா என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். மருத்துவச்சி என் காலைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.

"ஏன் கண்ணு, இத்தனை வருசமா நீ சொல்லவே இல்லையா?"

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள். மருத்துவச்சி அப்பாவின் தலைமாட்டில் மெதுவாகக் குந்தினாள்.

"மாப்ள, பொறந்தது ரெண்டு. முதல்ல வந்தவ கால் முன்னால வந்தா. கழுத்து சிக்கிக்கிச்சு, அழுகையே வரலை. அவளை நாந்தான் எங்கூருப் பலாமரத்தடியில பொதைச்சு, மேல ஒரு கல்லை வெச்சேன். அந்தக் கல்லு மேல வருசா வருசம் சின்ன மிதியடி இருக்கும், போயிப் பாருங்க. இவ பொறவு வந்தவ. எல்லாப் புள்ளைகளாட்டம் தலையாலதான் வந்தா."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்கிட்ட..." என்றார்.

"அவ பொய் சொல்லலீங்க" என்றாள் மருத்துவச்சி. "காலு முன்னால வந்துச்சுன்னுதான் சொன்னா. யாருதுன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே, மாப்ள."